சங்கத்துச் சுமைவண்டிக்கு மாற்று டயர் தேர்ந்தெடுக்கும் முறை

மாட்டு வண்டியின் சக்கரத்தில் பாரத்தைத் தாங்குவது மரமும் இரும்பும் ஆகும். அச்சின் மேல் விழும் சுமை குடத்திற்கும், குடத்திலிருந்து ஆரக்கால்களுக்கும், அவற்றிலிருந்து வட்டைக்கும் சென்று, வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டையின் வழியாக நிலத்தைச் சேர்கிறது. அச்சக்கரம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கிராமத்துத் தச்சர் கண்ணாற் பார்த்து, கையால் தட்டிச் சொல்லிவிடுவார். மோட்டார் வண்டியின் சக்கரம் அத்தகையதன்று. அதில் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே. டயரோ அக்காற்றைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் ஒரு பை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றுச் சக்கரத்திற்கு 1888-ம் வருஷத்தில் உரிமைப் பத்திரம் பெற்றார். அன்று முதல் இன்று வரை இந்த அடிப்படை மாறவில்லை. எவ்வளவு காற்றை, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு காலம் ஒரு பை தாங்கும் என்பதே டயர் வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வி.

பால், காய்கறி, நெல், உரம் முதலியவற்றை ஏற்றிச் செல்லும் சிறிய சுமைவண்டிகள், அதாவது பிக்கப் என்று வழங்கப்படுபவை, கிராமங்களில் பெருகியிருக்கின்றன. ஐக்கிய சங்கங்களுக்குச் சொந்தமாகவும் வாடகைக்குமாக அவை ஓடுகின்றன. வண்டியை வாங்கும்போது பஞ்சாயத்தார் பல நாள் ஆலோசிப்பார்கள். அதற்கு டயர் மாற்றும் சமயம் வந்தாலோ ஆலோசனை அரை நாழிகையில் முடிந்துவிடும். பழைய டயரின் மேலுள்ள அளவைக் கடைக்காரரிடம் சொல்லி, அவ்வளவில் எது மலிவோ அதை வாங்கி வருவது பொதுவான வழக்கம். இவ்வழக்கத்தில் பாதி சரி. அளவு பொருந்தவேண்டியது அவசியமே. ஆனால் அளவு பொருந்திய டயர்களெல்லாம் சுமைக்குப் பொருந்தியவை அல்ல. ஒரே ரிம்மில் கச்சிதமாக உட்காரும் இரண்டு டயர்களில் ஒன்று 950 கிலோவைத் தாங்கவும், மற்றொன்று 800 கிலோவோடு நின்றுவிடவும் கூடும். ரிம்மில் உட்காராத டயரைக் கடைக்காரரே மாட்டமாட்டார். உட்காரும் டயரில்தான் அபாயம் மறைந்திருக்கிறது.

டயரின் மேலுள்ள எழுத்துக்கள்

டயரின் பக்கச் சுவரில் அச்சாகியுள்ள எழுத்துக்களும் எண்களும் வெறும் அலங்காரமல்ல. ஒரு டயரைப் பற்றி அறியவேண்டியவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே உள்ளன. இங்கிலீஷ் அறியாதவரும் எண்களைப் படித்துக்கொள்ளலாம்.

உதாரணமாக 215/75 ஆர் 15 என்று ஒரு டயரில் இருக்குமானால், 215 என்பது அதன் அகலம் மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். ஆர் என்ற எழுத்து ரேடியல் என்னும் கட்டுமானத்தைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் குறுக்களவு அங்குலத்தில். இவற்றைக் கொண்டு சக்கரத்தின் முழு உயரத்தைக் கணக்கிடலாம். 215-இல் நூற்றுக்கு 75 என்பது சுமார் 161 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்களுக்கு ஏறக்குறைய 322. ரிம்மின் 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். ஆக மொத்தம் சற்றேறக்குறைய 704.

இக்கணக்கு தெரிந்திருப்பதில் ஒரு பிரயோஜனம் உண்டு. வண்டி கம்பீரமாகத் தோன்றவேண்டும் என்ற ஆசையால் சிலர் 235/75 ஆர் 15 என்ற பெரிய அளவை மாட்டச் சொல்லுகின்றனர். அதன் உயரம் சுமார் 734 மில்லிமீட்டர். சக்கரம் 30 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டதால், வேகமானி 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி 62½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தூரமானி குறைவாகக் காட்டும். மேட்டில் ஏற எஞ்சின் அதிகம் இழுக்க வேண்டும். பிரேக்கிற்கும் வேலை கூடும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுவதும் உண்டு. தயாரிப்பாளர் அவ்வண்டிக்கென்று அனுமதித்த அளவுகளைத் தவிர வேறெதையும் மாட்டாதிருப்பதே உசிதம். அவ்வளவு கைப்புத்தகத்திலும், பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவோரத்திலுள்ள தகட்டிலும் காணப்படும். பழைய டயரின் மேலுள்ள எண்ணை மாத்திரம் நம்பலாகாது. முன்பு மாற்றியவரே தவறாக மாற்றியிருக்கலாம் அல்லவா?

அளவை அடுத்து இரண்டு அல்லது மூன்று இலக்கமுள்ள ஓர் எண்ணும் அதனுடன் ஓர் எழுத்தும் இருக்கும். இந்த எண்ணே முக்கியமானது. இதற்குச் சுமைக் குறியெண் என்று பெயர். இது கிலோக்கணக்கு அன்று; கிலோவைச் சொல்லும் ஒரு வரிசை எண். 90 என்றால் ஒரு டயர் 600 கிலோ தாங்கும். 95 என்றால் 690, 100 என்றால் 800, 104 என்றால் 900, 106 என்றால் 950, 110 என்றால் 1,060 கிலோ. 106/103 என்பது போல் இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது ஒற்றைச் சக்கரமாக மாட்டும்போதும், இரண்டாவது ஒரே பக்கத்தில் ஜோடியாக மாட்டும்போதும் ஒவ்வொரு டயரும் தாங்கும் சுமையைக் குறிக்கும். எண்ணுக்குப் பின்வரும் எழுத்து வேகத்தைப் பற்றியது. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், என் என்றால் 140, க்யூ என்றால் 160. சாமான் ஏற்றிய வண்டி இவ்வேகங்களை எட்டப்போவதில்லை. ஆகையால் தயாரிப்பாளர் சொன்ன எழுத்துக்குக் குறையாமலிருந்தால் போதும். உயர்ந்த எழுத்துக்காக அதிகப் பணம் கொடுப்பது வீண்.

எல்.டி. என்ற குறி இலகுவான சுமைவண்டிக்கென்று செய்த டயரைக் காட்டும். ஐரோப்பிய முறையில் அளவின் முடிவில் சி என்று இருக்கும். 6 பி.ஆர்., 8 பி.ஆர். என்பவை பிளை மதிப்புக்கள். முற்காலத்தில் பருத்தி நூல் துணியை ஒன்றன் மேல் ஒன்றாக இத்தனை அடுக்கு வைத்து டயர் செய்தார்கள். இப்போது நைலானும் எஃகும் வந்துவிட்டபடியால் 8 பி.ஆர். டயரை அறுத்துப் பார்த்தால் எட்டு அடுக்கு இராது. எட்டு அடுக்குப் பருத்தியின் பலம் அதற்குண்டு என்பதே பொருள். ஒரே அளவில் 6 பி.ஆர். டயர் 8 பி.ஆர். டயரைவிடக் குறைந்த காற்றையும், அதனால் குறைந்த சுமையையும் ஏற்கும். விலை குறைவதன் காரணமும் பல வேளைகளில் இதுவே.

கார் டயரையும் சுமைவண்டி டயரையும் பிரித்தறிய இந்தியாவில் இன்னுமோர் எளிய அடையாளம் உண்டு. மத்திய அரசாங்கம் 2009-ம் வருஷத்தில் பிறப்பித்த தர உத்தரவின் கீழ் மோட்டார் டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அம்முத்திரையுடன் ஓர் எண் இருக்கும். 15633 என்றிருந்தால் அது கார் முதலிய பிரயாணிகள் வண்டிக்கான தரத்தில் செய்த டயர். 15636 என்றிருந்தால் வர்த்தக வண்டிக்கான தரத்தில் செய்தது. கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும், காரியதரிசி குனிந்து இந்த எண்ணைப் பார்த்துவிட்டே பணத்தை எண்ண வேண்டும்.

ஒரு வண்டியின் கணக்கு

எண்கள் எவ்வாறு பிரயோஜனப்படும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கால் விளக்கலாம். ஒரு பிக்கப் வண்டி வெறுமையாக 1,500 கிலோ எடையுள்ளது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னே இருப்பதால் முன் அச்சில் 850 கிலோவும் பின் அச்சில் 650 கிலோவும் விழும். அனுமதிக்கப்பட்ட சுமை 1,250 கிலோ. சாமான் தொட்டி பின் அச்சின் மேல் அமைந்திருப்பதால் இச்சுமையில் 100 கிலோ மாத்திரமே முன்னே செல்லும். மீதி 1,150 கிலோ பின்னே இறங்கும். எனவே நிறைசுமையில் பின் அச்சின் பாரம் 1,800 கிலோ. அதிலுள்ள இரண்டு டயர்களில் ஒவ்வொன்றுக்கும் 900 கிலோ.

இவ்வண்டிக்குச் சுமைக் குறியெண் 106 உள்ள எல்.டி. டயர் மாட்டப்பட்டிருந்தால், 950 கிலோ தாங்கும் டயர் 900 கிலோவைத் தாங்குகிறது. கைவசம் 50 கிலோ மிச்சமுண்டு. அதே 215/75 ஆர் 15 அளவில் குறியெண் 100 உள்ள கார் டயரை மாட்டினால், 800 கிலோ தாங்கும் டயரின் மேல் 900 கிலோ ஏறுகிறது. அமெரிக்க வழக்கத்தில் கார் டயரைச் சுமைவண்டியில் மாட்டும்போது அதன் தாங்குதிறனை 1.1-ஆல் வகுத்தே கணக்கிடுவார்கள். ஏனெனில் சுமைவண்டியின் ஓட்டம் காரினுடையதைவிட முரடானது. அவ்வாறு பார்த்தால் 800 என்பது 727 ஆகக் குறைகிறது. மலிவாக வாங்கிய டயர் முதல் நாளே தன் சக்திக்கு மேல் 170 கிலோவுக்கு அதிகமாகச் சுமந்துகொண்டு புறப்படுகிறது. அது அன்றே வெடித்துவிடுவதில்லை. வெடித்தாலாவது தவறு தெரிந்துவிடும். சில ஆயிரம் கிலோமீட்டர் சரியாக ஓடி, சித்திரை வெயிலில், நிறைசுமையோடு, நெடுஞ்சாலையில் செல்லும்போதே அது பிளக்கிறது.

சரியான டயர் மாட்டிய வண்டியும் அளவுக்கு மீறிய சுமையிலிருந்து தப்புவதில்லை. அறுவடைக் காலத்தில் இவ்வண்டியில் 20 மூட்டை நெல் ஏற்றுவதாகக் கொள்வோம். மூட்டைக்கு 75 கிலோவாக அது 1,500 கிலோ ஆகிறது. அனுமதிக்கு மேற்பட்ட 250 கிலோவில் பெரும்பகுதி பின் அச்சிலேயே விழுவதால், ஒவ்வொரு பின் டயரும் 1,000 கிலோவைத் தாண்டிச் சுமக்கும். 16 மூட்டையோடு நிறுத்தியிருந்தால் 1,200 கிலோ. நான்கு மூட்டைக்காக இரண்டாம் நடை போவதா என்று அங்கத்தினர் கேட்பது இயற்கையே. ஆனால் அந்த நான்கு மூட்டை வழியில் டயரோடு சரியுமானால், வண்டியிலிருப்பவருக்கும் எதிரே வருகிறவருக்கும் நேரக்கூடியதை எந்த வாடகைக் கணக்கிலும் எழுத முடியாது.

கமான் பட்டைகளைக் கூட்டிப் போட்டுவிட்டால் வண்டி அதிகம் தாங்கும் என்ற எண்ணம் பல ஓட்டுநர்களுக்கு இருக்கிறது. பட்டை கூட்டினால் வண்டியின் பின்புறம் தாழ்வதில்லை என்பது வாஸ்தவமே. டயரின் மேல் விழும் பாரமோ ஒரு கிலோவும் குறைவதில்லை. முன்பு வண்டி தாழ்வதைக் கண்டு சுமையை நிறுத்துவார்கள். இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விட்டது என்பதே உண்மை.

சங்கத்தின் வண்டியை வருஷத்தில் ஒரு முறையேனும் வழக்கமான சுமையோடு எடைமேடைக்குக் கொண்டுபோய், முழு வண்டியையும், பிறகு பின் அச்சை மாத்திரமும் நிறுத்திப் பார்ப்பது மிகவும் நன்று. சொற்பச் செலவில் கிடைக்கும் இந்த ஒரு எண், எந்தக் குறியெண்ணுள்ள டயர் வாங்கவேண்டும் என்பதைத் தீர்த்துவிடும்.

காற்றின் கணக்கு

டயரின் மேல் எழுதியுள்ள தாங்குதிறன் தகுந்த காற்றழுத்தத்தில் மாத்திரமே உண்மையாகும். அழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு இத்தனை ராத்தல் என்று அளப்பது வழக்கம். காற்றுப் போடும் இடங்களில் இதையே பவுண்டு என்பார்கள். அமெரிக்க அட்டவணைப்படி மேற்சொன்ன 215/75 ஆர் 15 எல்.டி. டயர் 950 கிலோவைத் தாங்குவது 65 பவுண்டு காற்றில். அதே அளவு எல்.டி. டயர் 50 பவுண்டில் தாங்குவது 800 கிலோவே. கார் டயரோ 35 பவுண்டிலேயே தன் 800 கிலோவைத் தாங்கிவிடும். இதிலிருந்து விளங்குவது யாதெனில், எல்.டி. டயரை வாங்கி அதற்குக் காருக்குப் போடும் காற்றைப் போட்டால், அதிக விலை கொடுத்துக் குறைந்த பலத்தை வாங்கியதாக முடியும்.

இதன் காரணம் எளிது. டயர் தரையில் பதியும் இடத்தின் பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் ஏறக்குறையச் சுமை வரும். 900 கிலோ என்பது சுமார் 1,984 ராத்தல். 65 பவுண்டு காற்றிருந்தால் சுமார் 30 சதுர அங்குல இடம் தரையில் பதிந்தாற் போதும். ஒரு பெரிய ஆளின் உள்ளங்கையும் விரல்களும் மூடும் இடம் அது. 35 பவுண்டு மாத்திரம் இருந்தால் 57 சதுர அங்குலம் பதிந்தாக வேண்டும். அவ்வளவு பதிய வேண்டுமானால் பக்கச் சுவர் மிகவும் மடங்க வேண்டும். சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அம்மடிப்பு ஒரு முறை விழுந்து எழும். இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அவ்விடம் சுட்டு, முடிவில் ஒடிவதைச் சிறுவரும் அறிவர். டயரிலும் அதுவே நடக்கிறது. வெப்பம் உள்ளே ஏறி, ரப்பருக்கும் இழைக்கும் உள்ள பிணைப்புத் தளர்ந்து, மேற்பட்டை உரிந்து கழன்றுவிடும்.

இவ்விபத்து எவ்வளவு பெரியதாகக்கூடும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் காட்டும். 2000-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி பயர்ஸ்டோன் கம்பெனியார் தங்கள் 15 அங்குல டயர்களில் சில ரகங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தனர். அவை 1 கோடியே 44 லட்சம் செய்யப்பட்டவை. அப்போது சாலையில் ஓடிக்கொண்டிருந்தவை 65 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. அவற்றுள் மிகுந்தவை போர்டு கம்பெனியின் எக்ஸ்புளோரர் வண்டிகளில் மாட்டப்பட்டிருந்தன; பிக்கப் வண்டிகளிலும் இருந்தன. வேகமாக ஓடுகையில் டயரின் மேற்பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டு, அந்நாட்டில் 200 பேருக்கு மேல் மாண்டனர். எஃகு வார்களின் ஓரத்தில் கீறல் தோன்றிப் பரவியதே மூலகாரணம் என்றும், குறை டயரிலேயே இருந்தது என்றும் 2001-ல் அரசாங்க விசாரணை முடிவு செய்தது. ஆயினும் அவ்வண்டிக்கு முதலில் சிபார்சு செய்திருந்த காற்று 26 பவுண்டு மாத்திரமே என்பதும், பின்னர் அது 30 ஆக உயர்த்தப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை. விபத்துக்கள் வெயில் மிகுந்த தென் மாகாணங்களிலேயே அதிகம் நேர்ந்தன. குறையுள்ள பையில் குறைந்த காற்றும், சுமையும், வேகமும், வெயிலும் சேர்ந்தால் நேர்வது இது. 2000-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, காற்றுக் குறைந்தால் ஓட்டுநருக்கு விளக்கெரிந்து அறிவிக்கும் கருவி பின்னர் அந்நாட்டுப் புதிய வண்டிகளில் கட்டாயமாயிற்று.

அக்கருவி இல்லாத வண்டிக்கு ஒரு காற்றளவுமானி வாங்கிச் சங்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்திற்குப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடேறி அழுத்தம் சில பவுண்டு கூடியிருக்கும். அது இயல்பே. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது பெருந்தவறு. குளிர்ந்த பின் டயர் குறைகாற்றோடு நிற்கும். டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பதும், கட்டையால் தட்டிப் பார்ப்பதும் முழுதும் காற்றுப்போன டயரைக் கண்டுபிடிக்க உதவும். 65-க்குப் பதில் 45 இருப்பதைக் கண்டுபிடிக்க உதவா. நைட்ரஜன் வாயுவைக் காசு கொடுத்து நிரப்பச் சொல்வோரும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான். வாரந்தோறும் அளப்பவருக்கு அச்செலவு அநாவசியம்.

ரேடியலும் நைலானும்

கடையில் நைலான் டயர் என்று கொடுக்கப்படுவது இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் பழைய கட்டுமானம். ரேடியல் என்பதில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்ல, அவற்றின் மேல் எஃகு வார்கள் சுற்றப்பட்டிருக்கும். இதைப் பிரான்சு தேசத்து மிச்சலின் கம்பெனியார் 1946-ல் பதிவு செய்தனர். ரேடியல் குறைவாகச் சூடேறும், நெடுநாள் உழைக்கும், எண்ணெயும் சிறிது மிச்சமாகும். கல்லும் முள்ளும் நிறைந்த குவாரிப் பாதையிலேயே ஓடும் வண்டிக்கு நைலான் டயரின் தடித்த பக்கச் சுவர் உதவுவதுண்டு. தார்ச் சாலையிலும் வண்டிப் பாதையிலும் மாறி மாறி ஓடும் சங்கத்து வண்டிக்கு ரேடியலே தகுந்தது. எவ்வாறாயினும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறு பக்கம் நைலானும் மாட்டவே கூடாது. இரண்டும் வளைவில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்; வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டியூப் உள்ள டயரானால் புது டயருக்குப் புது டியூபே போட வேண்டும். பழைய டியூப் நீண்டுபோயிருப்பதால் உள்ளே மடிந்து, மடிப்பில் அறுபடும். டியூப்லெஸ் டயரானால் வால்வைப் புதிதாக மாற்றவேண்டும். பக்கச் சுவரில் வெட்டோ பஞ்சரோ உண்டான டயரை எவ்வகையிலும் ஒட்டி ஓட்டலாகாது.

வயது, தேய்வு, மாட்டும் இடம்

பட்டன் ஆழமாக இருக்கிறது என்பதனால் மாத்திரம் ஒரு டயர் புதியதாகிவிடாது. ரப்பர் சும்மா கிடந்தாலும் கெட்டியாகி வெடிப்பு விடும். பக்கச் சுவரில் ஒரு நீண்ட குறியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3124 என்றால் 2024-ம் வருஷத்தின் 31-வது வாரத்தில் செய்தது என்று பொருள். இரண்டு சுவர்களில் ஒன்றில் மாத்திரமே இது முழுமையாக இருப்பதும் உண்டு. ஆதலால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். பழைய சரக்கைத் தள்ளுபடி விலைக்குக் கொடுக்கும்போது இந்த எண்ணைப் பாராமல் வாங்குதல் கூடாது. பல வண்டித் தயாரிப்பாளர்கள் ஆறு வருஷத்தில் டயரை மாற்றச் சொல்லுகின்றனர். டயர்த் தயாரிப்பாளர்கள் பத்து வருஷத்திற்கு மேல் எக்காரணத்தாலும் ஓட்டலாகாது என்கின்றனர். வண்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். (இச்சொல் வேல்ஸ் நாட்டு லனெலி நகரத்து ஸ்டெப்னித் தெருவிலிருந்து வந்தது. மாற்றுச் சக்கரம் இல்லாமல் கார்கள் ஓடிய அக்காலத்தில், 1904-ல் அவ்வூர்ச் சகோதரர் இருவர் அங்கே அதைச் செய்து விற்கத் தொடங்கினர்.)

தேய்வைக் காட்டும் அடையாளமும் டயரிலேயே உண்டு. பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் மீதியுள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர். அதற்கு மேல் அவ்வண்டியை ஓட்டுவது இந்திய மோட்டார் விதிகளுக்கும் விரோதம். மழையில் டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள நீர் இப்பள்ளங்களின் வழியாகவே வெளியேறுகிறது. பள்ளம் இல்லையேல் சக்கரம் நீரின் மேல் மிதக்கும்; பிரேக் பிடித்தும் பயனில்லை. ஆகையால் எல்லைக்கோட்டை நெருங்கிய டயரை ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டு டயர் மாத்திரம் புதிதாக வாங்கினால் எங்கே மாட்டுவது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஓட்டுநர்கள் பெரும்பாலும் முன்னே மாட்டவே விரும்புவர். முன் டயர் வெடித்தால் கைக்கு அடங்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் டயர்த் தயாரிப்பாளர்கள் பின்னே மாட்டச் சொல்வதற்கும் தகுந்த காரணம் இருக்கிறது. சாமானை இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்பின் பின்புறம் இலேசானது. ஈரச் சாலையில் பின் டயர்கள் வழுக்கினால் வண்டி வட்டமடித்து நிற்கும். அதை நேராக்கத் தேர்ந்த ஓட்டுநராலும் இயலாது. முன் டயர் வழுக்கினாலோ வேகத்தைக் குறைத்தவுடன் பிடிமானம் பெரும்பாலும் திரும்பும். எனவே புதியவை பின்னே செல்லவேண்டும். பின்னிருந்த நல்ல டயர்கள் முன்னே வரவேண்டும். முன்னே மாட்டத் தகுதியில்லை என்று தோன்றும் டயர் எங்கும் மாட்டத் தகுதியில்லாதது. அப்போது நான்கும் வாங்குவதே முறை. ரீட்ரேடிங் செய்த டயரை முன்னே மாட்டலாகாது. உட்கூடு கெடாத நல்ல டயரைத் தேர்ந்த தொழிற்சாலையில் ரீட்ரேடிங் செய்து பின்னே மாட்டுவதில் குற்றமில்லை. ஆனால் அதிகச் சுமையில் ஓடிய டயரின் உட்கூடு கெடாதிருப்பது அபூர்வம்.

சங்கத்தின் கணக்கில்

விலைப்புள்ளி கேட்கும்போது அளவை மாத்திரம் எழுதிக் கேட்பதால்தான் கடைக்காரர்கள் வெவ்வேறு தரமுள்ளவற்றுக்கு விலை எழுதி அனுப்புகிறார்கள். பஞ்சாயத்தாரும் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கக் கடமைப்பட்டவராகிறார்கள். அளவு, எல்.டி. குறி, பிளை மதிப்பு, சுமைக் குறியெண் இவ்வளவுக்குக் குறையாமல், தயாரித்து ஆறு மாதத்திற்கு மேற்படாதது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டால், வருகிற விலைகள் யாவும் ஒரே பொருளுக்கானவையாயிருக்கும். அப்போது மலிவானதை எடுப்பதில் தவறு நேராது.

விலையையும் தூரத்தோடு சேர்த்தே பார்க்கவேண்டும். 5,000 ரூபாய் டயர் ஒன்று 30,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 காசு விழும். 6,500 ரூபாய் டயர் 50,000 கிலோமீட்டர் ஓடினால் 13 காசுதான். எது எவ்வளவு ஓடும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. சங்கத்தின் சொந்தப் புத்தகமே சொல்லும். ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் எண், வாங்கிய தேதி, விலை, மாட்டிய இடம், மாட்டியபோதும் கழற்றியபோதும் தூரமானி காட்டிய எண் ஆகியவற்றைக் குறித்து வந்தால், இரண்டு மூன்று மாற்றங்களுக்குள் எந்த ரகம் இலாபகரமானது என்பது சந்தேகமறத் தெரிந்துவிடும். ஒரு டயர் ஓரத்தில் மாத்திரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. இரு ஓரமும் தேய்ந்து நடு தேயாதிருந்தால் காற்றுக் குறைவு. நடு மாத்திரம் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இதையும் அப்பக்கத்தில் எழுதி, காரணத்தைத் தீர்த்த பிறகே புது டயர் மாட்டவேண்டும்.

கழித்த டயரைக் கடையிலேயே விட்டுவருவதானால், விளிம்பிலுள்ள கம்பியை அறுத்துவிடச் சொல்லவேண்டும். இல்லையேல் அதே டயருக்குப் பள்ளம் கீறி, மை பூசி, வேறொரு சங்கத்தின் வண்டிக்கு விற்றுவிடுவோர் உண்டு. ஊருக்குள் கொண்டுவந்தால் எரிக்கவும் கூடாது, வெட்டவெளியில் போட்டு வைக்கவும் கூடாது. அதனுள் தேங்கும் மழைநீரிலே டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். கூரைக்கு அடியிலாவது, நீர் நில்லாதபடி துளையிட்டாவது வைக்கவேண்டும்.